ஆகஸ்ட்டில் முப்பத்தொன்று, டிசம்பரில் இருபத்தெட்டு

எனக்குச் சந்தேக புத்தி. என் வீட்டுக்காரர் இதைத் தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறார். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து எடை குறைகிறது என்பேன். ஆட்டோ மீட்டரை நம்ப மாட்டேன். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை மூன்று கடையில் காட்டி விசாரிப்பேன். "சிஐடிய கட்டிகினு நான் படுற பாடு கீதே!" என்று அவர் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்த மனுஷன் ஏன் இதையே இத்தனை தடவை சொல்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு கேள்வியும் ஓடும்.

தொழில் அப்படி. திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, மனு அடித்துத் தருவது, ஆன்லைனில் விண்ணப்பிப்பது எல்லாம் உண்டு. பிறந்த வருஷத்தின் மேல் வெள்ளை மை தடவிய ஆதார் நகலைக் கொண்டுவந்து, "இன்னொரு காப்பி எடுத்தா தெரியாதில்ல?" என்று கேட்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். செத்துப்போன மாமனாரின் கையெழுத்தை வெட்டி ஒட்டித் தரச் சொன்ன ஆளும் உண்டு. பதினைந்து வருஷம் இப்படித் தாள்களோடு கிடந்தால் எந்தத் தாளைப் பார்த்தாலும் இது எங்கே ஒட்டியிருக்கிறது என்றுதான் கண் தேடும்.

கடைக்கு நேர் எதிரே அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறாவது முதல் பத்தாவது வரை. என் மகள் அங்கேதான் படித்தாள். கொஞ்சம் வசதி வந்த வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேன்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பவர்கள் எங்கள் பள்ளிக்கு. கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், இறால் உரிக்கிறவர்களின் பிள்ளைகள், கன்டெய்னர் யார்டு வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கேயே குடும்பம் வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள். பள்ளிப் படிவத்தில் தாய்மொழி என்றொரு கட்டம் இருக்கும். ஒரே வகுப்பில் ஐந்து மொழி வரும். படிவத்தை நான்தான் நகல் எடுப்பேன், அதனால் தெரியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மாணவரின் அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தில் தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துப் புன்னகைத்ததும் எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். என் திறமையைப் பார்த்தா, என் கடையிலிருக்கும் பிரின்டரைப் பார்த்தா என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த மாதமே கூட்ட அழைப்பிதழ் ஐம்பது பிரதி, காசு வாங்காமல் எடுத்துத் தரும்படி சீட்டு வந்தது. பதில் கிடைத்துவிட்டது.

தலைமை ஆசிரியையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுஷி. அதுவே எனக்குச் சந்தேகம். அண்ணா நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கழிவறைக்குத் தண்ணீர் வராத நாட்களில் தானே நின்று லாரித் தண்ணீரை இறக்கி வைப்பார். முந்தின வருஷம் பத்தாவதில் எங்கள் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி. அதற்கும் முந்தின வருஷமும் அப்படியே. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், அதில் கை கூப்பியபடி அவர். அந்த ஃபிளெக்ஸை நான் பெருமையாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, நம்ம பிள்ளைகள் அத்தனை பேருமா, ஒருத்தர் விடாமலா என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் தமிழைக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் என் கடைக்கு வந்து நின்றதைப் பார்த்தவள் நான்.

இருந்தாலும் அந்த நூறு எனக்கும் வேண்டியிருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு மனு போட்டிருந்தோம். வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியது நான். தரம் உயர்ந்தால் என் மகள் பதினொன்றாவதை எதிர்வாசலிலேயே படிப்பாள். இல்லையென்றால் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் பகலிலும் வரிசை கட்டி நிற்கும், திடீரென்று நகரும். என் வீட்டுக்காரர் ஓட்டுவதே அந்த டிரெய்லரைத்தான். "மேல இருந்து பார்த்தா கீழ ஆளு நிக்கிறதே தெரியாது" என்று அவர் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதிலிருந்து எனக்கு அந்தச் சாலை என்றாலே பயம். தொடர்ந்து மூன்று வருஷம் நூறு சதவீதம் வந்தால் மனுவுக்குப் பலம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். இந்த வருஷம் மூன்றாவது வருஷம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்தால் பள்ளியில் ஒரே பரபரப்பு. அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவாகும். பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியரை உபரி என்று சொல்லி வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். பள்ளிக்கு வருகிற மானியமும் இதே தலைக்கணக்கில்தான். எங்களுக்கு இருப்பதே ஒரு கணக்கு வாத்தியார். அந்தப் பட்டியலை நகல் எடுக்கத் தலைமை ஆசிரியை தானே கடைக்கு வந்தார். பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பெயர். மெஷினில் டோனர் தீர்கிற நேரம், முதலில் வந்த பிரதிகள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தேன். ஒதுக்கியதை நான் எறிய மாட்டேன். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. கிளிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன், மகள் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பழகுவாள்.

டிசம்பரில் வேறொரு பட்டியல் வந்தது. பொதுத்தேர்வு எழுதப் போகிறவர்களின் பெயர்கள். பள்ளியில் அதை நாமினல் ரோல் என்பார்கள். அதில் பெயர் இருந்தால்தான் ஹால் டிக்கெட் வரும். நகல் எடுக்கும்போதே வரிசை எண்ணைப் பார்த்தேன். இருபத்தெட்டில் முடிந்திருந்தது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் வீட்டில் மகள் கணக்குப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். நடுவில் கறுப்புக் கோடு போட்ட ஆகஸ்ட் பட்டியல். எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று.

"ஏண்டி, உன் கிளாஸ்ல யாராச்சும் நின்னுட்டாங்களா?"

"எத்தினியோ பேரு வர்றதில்ல. இன்னாத்துக்குக் கேக்குற?"

"சொம்மாதான்."

"நீ சொம்மா கேக்க மாட்டியே" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று பெயர்கள் காணவில்லை. ஆகஸ்ட்டில் எண்ணிக்கைக்கு வேண்டும், மார்ச்சில் பரீட்சைக்கு வேண்டாம். ஒருவர் உடம்பில் அப்படி ஒரு சந்தோஷம் ஓடக் கூடாது. எனக்கு ஓடியது. மாட்டினீங்களா டீச்சரம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் பெயர் ஒடிசாக்காரர் ஒருவரின் மகன். குடும்பம் மணலி புதுநகருக்குக் குடிபோய்விட்டது என்றார்கள். நான் நம்பவில்லை. கடையை மத்தியானம் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போனேன். அங்கே ஒரு பள்ளியின் வாசலில் அதே பையன் சீருடையில் நின்று ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, இங்க எங்க?" என்று அழகான தமிழில் கேட்டான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று தெரிந்து வருத்தப்பட்ட ஒரே பொம்பளை அன்று நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது ஒரு விசைப்படகு டிரைவரின் மகன். அப்பாவைக் காசிமேட்டில் தேடிப் பிடித்தேன். "அவன் ஜூன்லயே நின்னுட்டான்மா. பட்கு எஞ்சின்தான் கத்துப்பேன், பள்ளிக்கூடம்லாம் பேஜாருன்னுட்டான். நான் இன்னா பண்றது?" என்றார். ஜூனில் நின்றவன் ஆகஸ்ட் பட்டியலில் எப்படி வந்தான்? நாலு நாளைக்கு இதையே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது ஒரு பெண். என் மகளோடு ஆறாவதிலிருந்து படித்தவள். மீனவர் குடியிருப்பில், கருங்கல் அலைத்தடுப்புக்கு இந்தப் பக்கம் கடைசி வரிசையில் வீடு. அப்பா இல்லை. அம்மா இறால் ஷெட்டில் உரிக்கிற வேலை. நான் போனபோது அம்மா வாசலில் குந்தி அலுமினியக் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டில் இல்லை. அவளும் இப்போது ஷெட்டுக்குப் போகிறாளாம்.

"இன்னாத்துக்கு நிறுத்துன?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். அதிகாரி மாதிரி நின்றிருப்பேன் போலிருக்கிறது. அவள் எழுந்தேவிட்டாள்.

"நான் எங்கக்கா நிறுத்துனேன்? காலாண்டுல கணக்குல ஒம்போது மார்க்கு. பெரிய டீச்சரு கூப்ட்டு வுட்டாங்க. இவ எய்தினா பெயிலு ஆவா, பெயிலுன்னு ஆய்ட்டா வாய்க்கை பூரா அது நிக்கும், இப்பவே டி.சி. வாங்கிக்கோ, அடுத்த வர்சம் பிரைவேட்டா எய்தட்டும்னாங்க. பெரியவங்க சொல்றாங்களேன்னு வாங்கிகினேன்."

வந்துவிட்டது, கையும் களவுமாக. "அவங்க சொன்னா நீ கேட்டுக்கினு வந்துருவியா? எய்தி எதாவது குட்த்தியா? நீயா வெலகுறேன்னு எதுலனா கையெழுத்துப் போட்டியா?" என்று அடுக்கினேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம்கூட இல்லை, குழப்பம்தான்.

"இன்னாக்கா இப்பிடிக் கேக்குற? நீதானே அடிச்சுக் குட்த்த? டீச்சரு குட்த்த சீட்ட எட்த்துகினு உன் கடைக்குத்தானே வந்தேன்."

"நானா?"

"பத்து ரூவா வாங்கிகினியே."

நான் இல்லை என்றேன். வேறு கடையாக இருக்கும் என்றேன். அவள் சண்டை போடவில்லை. "டேபிள் கண்ணாடி மேல கைய வெக்காத, நாத்தம் போவாதுன்னு சொன்ன. அதான் ஞாபகம் கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குண்டானைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அந்தச் சந்தில் திரும்பி நடந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை. கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையின் இடது ஓரத்தில் என்னுடைய கோப்புகள் இருக்கும். முகவரி மாற்றம், முதியோர் பென்ஷன், மின் இணைப்பு, டி.சி. விண்ணப்பம். திறந்தேன். கடைசியாக அடித்த பெயர் அப்படியே இருந்தது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக எனது மகள் தொடர்ந்து பயில இயலாத நிலையில் உள்ளதால், மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." வார்த்தையெல்லாம் என்னுடையது. எந்த வருஷமோ யாருக்கோ அழகாக எழுதி வைத்தது. அதற்குப் பிறகு பெயரையும் வகுப்பையும் மாற்றி மாற்றி அச்சடித்திருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று எனக்கே தெரியாது. பால் பாக்கெட்டை எடை போடுகிறவள், டாக்டர் சீட்டை மூன்று கடையில் விசாரிக்கிறவள், "இன்னா குடும்பச் சூழ்நிலை?" என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். இரண்டு பட்டியலையும் மேஜைமேல் வைத்தேன். அவர் கறுப்புக் கோடு போட்ட தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒளித்துப் பேசவில்லை.

"ஆகஸ்ட்ல எண்ணிக்கை எங்கன்னு கேப்பாங்க. மே மாசம் பர்சென்டேஜ் எங்கன்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் நான்தான் மேடம் பதில் சொல்லணும். அந்த எஞ்சின் பையனை ஆகஸ்ட் வரைக்கும் வெச்சிருக்கலைன்னா கணக்கு சார் இன்னைக்கு இங்க இல்லை. உங்க பொண்ணுக்கும் அவர்தானே எடுக்கறார்?"

"அந்தப் பொண்ணு எழுதணும் மேடம். பேரைச் சேருங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தம் பண்ணலாம். சேர்க்கறேன். அவ கணக்குல ஃபெயில் ஆவா. மூணாவது வருஷம் நூறு போயிடும். அந்த மனுவை யாரு தூக்கிட்டு அலைஞ்சது? நீங்கதானே? உங்க பொண்ணு அடுத்த வருஷம் எந்த ரோட்டைத் தாண்டிப் போவான்னு யோசிச்சீங்களா?"

அதைக் கேட்டபோது அவர் குரலில் மிரட்டல் இல்லை. மெய்யாகவே விசாரிக்கிறார் போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். நான் போனது அவரைப் பிடிக்க. வந்தது அவரிடம் தவணை வாங்கிக்கொண்டு.

அன்று புதன். வியாழன் முழுக்க நான் ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதும்போது எப்படியாவது மெழுகிவிடலாமா என்றுதான் கை போகிறது, ஆனால் நடந்தது அதுதான். கடை திறந்தேன், நகல் எடுத்தேன், சாப்பிட்டேன். அந்தப் பெண் எப்படியும் ஃபெயில் ஆவாள், அடுத்த வருஷம் எழுதட்டுமே, ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம் என்று என்னிடமே பேசிக்கொண்டிருந்தேன். சாலையில் டிரெய்லர் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அது சரி என்று பட்டது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. "இன்னா, சிஐடி இன்னிக்கி லீவா?" என்றார். நான் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்த கையோடு ஒருவர் வந்தார். யார்டில் சுமை தூக்குகிறவர், தோளில் துண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகனுக்காக வந்திருந்தார். கையில் நாலாக மடித்த சீட்டு. பிரித்தேன். தலைமை ஆசிரியையின் குண்டுக் கையெழுத்தில், "டி.சி. விண்ணப்பம்" என்று இரண்டே வார்த்தை. கீழே பெயர், வகுப்பு. இந்த மாதிரிச் சீட்டு எத்தனை என் கையில் வந்திருக்கும்! கோப்பைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் கர்சர் மினுக்கியது. அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடிக்க வேண்டியதுதான்.

"இன்னா குடும்பச் சூழ்நிலை உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் முழித்தார். "இன்னாது?"

"பையன் படிக்க முடியாம இன்னா கஷ்டம் வூட்ல? வேலைக்கு அனுப்புறீங்களா? ஊரு மாத்துறீங்களா?"

"அப்பிடிலாம் ஒன்னியும் இல்லமா. பத்தாவது போறதுக்கு முன்னாடி வேற எங்கனா சேத்துருங்கன்னு டீச்சரு சொன்னாங்க. எதுக்குன்னு எனுக்கு இன்னா தெரியும்? அவங்க சொன்னா கரீட்டாத்தானே இருக்கும்?"

எனக்கு வந்த கோபம் அந்த டீச்சர் மேலா, வந்து நிற்கிறவர் மேலா, அந்த மினுக்குகிற கர்சர் மேலா என்று தெரியவில்லை. "போய்யா வூட்டுக்கு! புள்ளைய ஒழுங்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. யாரு கேட்டாலும் ஜெராக்ஸ்காரி அடிச்சுத் தர மாட்டேன்னுட்டான்னு சொல்லு" என்று கத்தினேன். பாவம், அந்த மனுஷன் சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

புதிதாக ஒரு தாள் திறந்தேன். "மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ளக் கோருதல்" என்று அடித்தேன். இதற்கு முன் நான் அடிக்காத மனு அது, அதனால் ஒவ்வொரு வரியாக யோசிக்க வேண்டியிருந்தது. இறால் ஷெட்டுக்கே போய் அம்மாவைக் கூப்பிட்டு, இன்னது எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்கினேன். பெண் நீல ஏப்ரனோடு ஓடிவந்து நின்றாள். "மெய்யாலுமா ஆன்ட்டி?" என்றாள். "மொதல்ல கைய கழுவிகினு கெளம்பு" என்றேன். அவள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம்.

தலைமை ஆசிரியை மனுவை வாங்கி இரண்டு முறை வாசித்தார். "பொறுப்பு நீங்க எடுத்துக்கறீங்களா? குழுத் தலைவின்னு கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். ஒன்பதாம் வகுப்புச் சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்து, சின்னதாக மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எமிஸ் என்கிற கல்வித்துறைத் தளத்தில் பெயரை ஏற்றும் வரைக்கும் நான் அங்கிருந்து நகரவில்லை. ஏற்றிய பிறகும் திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். இருபத்தொன்பதாவது வரிசையில் இருந்தது. "நம்பிக்கை இல்லையா?" என்றார். "இல்லை மேடம்" என்றேன்.

அதன் பிறகு மூன்று மாதம் என் சந்தேகமெல்லாம் அந்தப் பெண்ணின் மேல். காலையில் கடைக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். அவள் வாசலுக்குள் போகிறாளா, இல்லை ஷெட்டுக்குக் கம்பி நீட்டுகிறாளா? இறால் சீசன் சூடு பிடித்த வாரம் இரண்டு நாள் காணவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். என் மகளும் அவளும் சாயங்காலம் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு பக்கம் வெள்ளையான தாள்களில் கணக்குப் போட்டார்கள். சில நாள் அவள் ஒரு கணக்கை ஐந்து முறை போடுவாள். ஐந்தும் தப்பாக இருக்கும். அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க வேண்டாமோ என்று ஒரு நாள் அல்ல, பல நாள் நினைத்தேன்.

மேல்நிலைப் பள்ளி வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மனுவுக்கு என்ன ஆனது என்று விசாரித்தால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். இந்த வருஷ முடிவுதான் காரணமா என்று யாரும் எழுதித் தரவில்லை. எனக்குச் சந்தேகம்தான். என் மகள் இப்போது நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் போகிறாள். காலை எட்டேகாலுக்கு நான் சாலையின் இந்தப் பக்கம் நின்று, அவள் அந்தப் பக்கம் ஏறிக் கையாட்டுகிற வரைக்கும் நகர்வதில்லை. வாசலில் புது ஃபிளெக்ஸ் எதுவும் வைக்கவில்லை. பழையதே வெயிலில் வெளுத்து, தலைமை ஆசிரியையின் கூப்பிய கை மட்டும் தெரிகிறது.

மே மாதம் முடிவு வந்த அன்று கடையில் நிற்க இடமில்லை. எங்கள் பக்கம் பாதி பேர் முடிவு பார்ப்பது என் கம்ப்யூட்டரில்தான். என் மகள் பாஸ். சாக்லேட் கொடுத்து முடித்து, கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் வந்தாள். ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. அம்மா வரவில்லை. பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் அடித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மார்க்க அப்பால சொல்லு ஆன்ட்டி. மொதல்ல பேரு வருதா பாரு."

"வருது."

"எங்க?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, தன் பெயரை எழுத்துக் கூட்டி, இனிஷியலோடு சத்தமாக வாசித்தாள். பிறகுதான் கீழே இறங்கினாள். நாலு பாடத்தில் தேறியிருந்தாள். கணக்கில் இருபத்து மூன்று. எதிரே ஃபெயில் என்று போட்டிருந்தது.

"ஒம்போதுலேர்ந்து இர்வத்தி மூணு" என்றாள். கண் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மறுக்கா எய்தலாம்ல?"

"எழுதலாம். ஃபாரம் நானே போடுறேன்."

"ரெண்டு காப்பி எடு ஆன்ட்டி."

"எதுக்குடி ரெண்டு?"

"ஒண்ணு அம்மாக்கு. ஒண்ணு பெரிய டீச்சருக்கு."

"ஃபெயிலான தாள எதுக்கு அவங்களுக்குக் குடுக்குற?"

"நானும் எய்தினேன்னு தெரியட்டும்."

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, மற்றதை மடிக்காமல் கையில் பிடித்தபடி, எதிர்வாசலுக்குள் போனாள்.